வங்கக் கடல் ஏன் தன் நைட்ரஜனை இழப்பதில்லை?

இந்தியத் தீபகற்பத்தின் இருபுறமும் விரிந்து கிடக்கும் இரு கடல்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைகளுக்கு இடைப்பட்டவை. ஒரே பருவக்காற்றின் ஆட்சிக்கு உட்பட்டவை. வடதிசையில் ஆசியாக் கண்டம் குறுக்கிட்டு அடைத்து நிற்பதால், குளிர்ந்து கனத்து ஆழத்தில் இறங்கும் வடதுருவப் பிரதேசத்து நீரைப் பெறும் பாக்கியம் இரண்டுக்குமே இல்லை. இரண்டிலும், மேற்பரப்புக்கு 100 மீட்டர் அளவு கீழே சென்றதும், பிராணவாயு அநேகமாக இல்லாதொழிந்த நீர்ப்படலம் ஒன்று நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குப் பரந்து கிடக்கிறது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், அரபிக் கடலின் அப்படலம் உயிர்களுக்கு உணவாகத்தக்க நைட்ரஜனை ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் அளவில் வாயுவாக மாற்றி இழந்துகொண்டிருக்க, வங்கக் கடலின் படலமோ அநேகமாக ஒன்றையும் இழப்பதில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை விசாரிக்கப் புகும் கேள்வி. கடலடிச் சேற்றிலும் இவ்விழப்பு நிகழ்வதுண்டு; ஆயினும் இங்கே நமது நோக்கம் நீர்ப்பரப்பின் நடுவில் நிகழ்வதைப் பற்றியதே.

1. இழப்பு என்பது யாது?

காற்றின் பெரும்பகுதி நைட்ரஜனே. ஆயினும் அதன் இரு அணுக்களும் மிக வலிய மும்மடிப் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால், சில நுண்ணுயிர்களைத் தவிர வேறெவையும் அதை நேராக உணவாகக் கொள்ள இயலாது. கடலில் மிதந்து வாழும் நுண்தாவரங்களுக்குப் பயன்படுவது நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியம் என்னும் உருவங்களில் கட்டுண்ட நைட்ரஜனே. இத்தாவரங்கள் 16 பங்கு நைட்ரஜனுக்கு 1 பங்கு பாஸ்பரஸ் என்ற விகிதத்தை ஒட்டியே தம் உடலை அமைத்துக்கொள்கின்றன என்பதும், ஆழ்கடல் நீரிலும் ஏறத்தாழ அதே விகிதம் காணப்படுகிறது என்பதும், 1934-இல் ஆல்பிரட் ரெட்ஃபீல்ட் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் வழியே நிலைபெற்ற உண்மைகள். ஆகவே ஓரிடத்து நீரில் பாஸ்பேட்டை நோக்க நைட்ரேட் குறைந்திருக்குமானால், அங்கே எதுவோ நைட்ரேட்டை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அனுமானிக்க இடமுண்டு.

எடுத்துக்கொள்வது யார்? மேற்பரப்பில் மடிந்த உயிர்களின் சேந்திரியப் பொருள் ஆழத்தில் இறங்கும்போது பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து, அதற்காகப் பிராணவாயுவைச் செலவிடுகின்றன. பிராணவாயு தீர்ந்தபின் அவற்றுள் பல, சுவாசத்தை நிறுத்திவிடாமல், நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு வாழ்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, பின் நைட்ரிக் ஆக்ஸைடாகி, நைட்ரஸ் ஆக்ஸைடாகி, முடிவில் நைட்ரஜன் வாயுவாகிறது. நீர் தேங்கிய நெல் வயலில் உழவர் இடும் தழைச்சத்தின் ஒரு பகுதி காற்றோடு போய்விடுவதும் இந்த நிகழ்ச்சியாலேதான். இதனை 1880-களில் போர்தோ நகரத்துக் கயோனும் டியூபெத்தியும் ஆராய்ந்து வெளியிட்டனர். கடலிலும் இது நிகழ்கிறதென்றும், வெப்பக் கடல்கள் குளிர்கடல்களைவிட வளங்குன்றியிருப்பதற்கு இதுவே காரணமென்றும் ஜெர்மனியின் கீல் நகரத்துக் கார்ல் பிரான்ட் 1899-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெப்பக் கடல்களின் வறுமைக்கு அவர் கூறிய காரணம் நிலைக்கவில்லை. ஆனால் கடல் தன் உரத்தைத் தானே இழக்கக்கூடும் என்ற எண்ணம் அவரால்தான் கடலாராய்ச்சியில் வேரூன்றியது.

பிராணவாயு முற்றும் வற்றிய நீர் உலகச் சமுத்திரத்தின் கன அளவில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மெக்ஸிகோவுக்கு மேற்கே ஒன்று, பெரு, சிலி நாடுகளின் கரையை ஒட்டி ஒன்று, அரபிக் கடலில் ஒன்று என மூன்று பெரும் பிரதேசங்களே உண்டு. ஆயினும் சமுத்திரம் முழுவதும் இழக்கும் கட்டுண்ட நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இச்சிறு நீர்ப்பகுதிகளில்தான் போகிறது. சமுத்திரத்தின் வருமானமும் செலவும் சமன்படுகின்றனவா என்பது இன்றளவும் ஓயாத வழக்கு. 1997-இல் குரூபரும் சார்மியன்டோவும் நீரிடை இழப்பை ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டன் என்று கணித்தனர். நீரிலும் சேற்றிலுமாக மொத்த இழப்பு 40 கோடி டன்னையும் கடக்கும் என்று காடிஸ்போட்டி வாதித்தார். 2012-இல் டெவ்ரீஸ் முதலியோர், கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே அளந்து கிடைத்த தரவுகளைக் கொண்டு, நீரிடை இழப்பு சுமார் 6.6 கோடி டன் என்றனர். இக்கணக்குகளில் எதனை ஏற்பதென்று தீர்மானிக்க வேண்டுமானால், இழப்பு எங்கே, எந்த நிபந்தனையின் கீழ்த் தொடங்குகிறது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். வங்கக் கடலின் புதிருக்கு உள்ள முக்கியத்துவம் இதுவே.

2. அரபிக் கடலின் சாட்சியம்

1933-34-இல் சீமோர் சீவெல் தலைமையில் ஜான் மர்ரே ஆராய்ச்சிப் பயணத்தினர் 'மபாஹிஸ்' என்னும் எகிப்தியக் கப்பலில் அரபிக் கடலைச் சுற்றிவந்தபோது, இடைப்பட்ட ஆழங்களில் நைட்ரைட் திரண்டிருப்பதைக் கண்டனர். கில்சன் 1937-இல் அதனை அறிக்கையாக வெளியிட்டார். நைட்ரைட் என்பது ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் போகும் வழியில் தோன்றும் இடைப்பொருள். கதிரவன் ஒளி எட்டாத இருளில், பிராணவாயு வற்றிய நீரில் அது குவிந்து கிடந்தால், நைட்ரேட் அங்கே சிதைவுற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. எனினும் அவ்வடையாளத்தின் முழுப் பொருளும் விளங்குவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் சென் குப்தா முதலியோர் 1970-களிலும், நக்வி 1980-களிலும் செய்த விரிவான ஆராய்ச்சிகளாலேயே இழப்பின் எல்லையும் அளவும் வகுக்கப்பட்டன. ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் என்பது அவ்வாராய்ச்சிகளின் வழிவந்த மதிப்பு. பின்வந்தோர் அதனைக் கூட்டியும் குறைத்தும் கூறியிருக்கின்றனர்.

தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமான் கரைகளில் ஆழத்து நீரை மேலே இழுக்க, அந்நீரின் உரத்தால் மிதவைத் தாவரங்கள் பெருகி, அவற்றின் எச்சம் கீழே இறங்கிப் பிராணவாயுவை உறிஞ்சிவிடுகிறது. குளிர்காலத்தில் வடபகுதியின் மேல்நீர் குளிர்ந்து கலங்குவதால் மீண்டும் ஒரு விளைச்சல் உண்டாகிறது. இது பொதுவாகக் கூறப்படும் விளக்கம், உண்மையும்கூட. ஆனால் இதில் ஒரு முரண் உண்டு: விளைச்சல் மிகுந்தது மேற்கில், நைட்ரைட் மிகுந்து இழப்பு நிகழ்வதோ நடுக்கடலிலும் வடகிழக்கிலும். உணவு எங்கே விழுகிறது என்பதோடு, பிராணவாயு எவ்வழியில், எவ்வளவு காலம் கழித்து வந்து சேருகிறது என்பதையும் நோக்கினாலன்றி இழப்பின் இருப்பிடம் விளங்காது என்பதை இம்முரண் உணர்த்துகிறது. வங்கக் கடலைப் பற்றி ஆராயும்போது இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

மற்றொரு சாட்சியம் கடலடிப் படிவங்களிலிருந்து வருகிறது. நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் 14 நிறையுள்ள இலகுவான நைட்ரஜனையே முதலில் விரும்பி எடுப்பதால், எஞ்சிய நைட்ரேட்டில் 15 நிறையுள்ள கனமான நைட்ரஜனின் விகிதம் கூடுகிறது. அதை உண்டு வளர்ந்து மடிந்த உயிர்கள் அவ்விகிதத்தைச் சேற்றில் பதித்துவைக்கின்றன. அல்டபெட் முதலியோர் 1995-இல் அரபிக் கடலின் படிவங்களை இவ்வாறு ஆராய்ந்து, வெப்ப யுகங்களில் இழப்பு மிகுந்தும், பனி யுகங்களில் வெகுவாகக் குறைந்தும் வந்திருக்கிறது என்று காட்டினர். இன்று நாம் காணும் அரபிக் கடல் அநாதி காலந்தொட்டு இந்நிலையில் இருந்ததன்று. ஒரு கடல் இழக்காத நிலையிலிருந்து இழக்கும் நிலைக்குச் செல்லக்கூடும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

3. இழப்புக்கு வழி ஒன்றா, இரண்டா?

நெடுங்காலம், நைட்ரேட்டைப் படிப்படியாகச் சிதைக்கும் வழி ஒன்றே உண்டென்று கருதப்பட்டது. 1977-இல் வியன்னாவைச் சேர்ந்த எங்கல்பெர்ட் புரோடா, வெப்ப இயக்கவியல் கணக்கின் துணைகொண்டு, அம்மோனியத்தைப் பிராணவாயு இன்றியே எரித்து வாழும் பாக்டீரியா இயற்கையில் இருக்க வேண்டுமென்றும், அது இன்னும் கண்டுபிடிக்கப்படாதது என்றும் எழுதினார். 1990-களில், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கலமொன்றில் அப்பாக்டீரியா உண்மையாகவே அகப்பட்டது. அம்மோனியத்தில் ஓர் அணுவும் நைட்ரைட்டில் ஓர் அணுவுமாக இரு நைட்ரஜன் அணுக்களை இணைத்து அது வாயுவாக்குகிறது. இந்நிகழ்ச்சிக்கு 'அனமாக்ஸ்' என்று பெயர். 2003-இல் கருங்கடலிலும் கோஸ்டாரிகாவின் ஒரு வளைகுடாவிலும் இது நிகழ்வது நிறுவப்பட்டது.

இதை நிறுவிய முறை மிக நுட்பமானது. கனமான நைட்ரஜனால் ஆன அம்மோனியத்தை நீர் மாதிரியில் இட்டுப் பார்த்தால், அனமாக்ஸ் நிகழும்போது விளையும் வாயுவில் கனமான அணு ஒன்றும் நீரிலிருந்த நைட்ரைட்டின் சாதாரண அணு ஒன்றும் சேர்ந்து, நிறை 29 ஆகிறது. பழைய வழியிலோ இரு அணுக்களும் நைட்ரேட்டிலிருந்தே வருவதால் இத்தகைய கலப்பு உண்டாவதில்லை. இம்முறையைக் கொண்டு பிரேமன் நகரத்து கைப்பர்ஸும் அவரைச் சார்ந்தோரும் நமீபியா, பெரு நாடுகளின் கடல்களை ஆராய்ந்து, இழப்பின் பெரும்பகுதி அனமாக்ஸாலேயே என்று வாதித்தனர். 2009-இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த பெஸ் வார்டு முதலியோர், அரபிக் கடலில் பழைய வழியே மேலோங்கியது என்று மறுத்தனர்.

இவ்வழக்கில் இரு சாராரும் பொய் கூறவில்லை என்பதே என் அபிப்பிராயம். அனமாக்ஸுக்கு வேண்டிய அம்மோனியம் சேந்திரியப் பொருள் சிதைவதாலேயே பெரிதும் கிடைப்பதாகலின், சாதாரணக் கடலுயிரின் உடலமைப்பை வைத்துக் கணக்கிட்டால் நெடுங்கால நோக்கில் அனமாக்ஸுக்கு நூற்றுக்குச் சுமார் 29 பங்கும் பழைய வழிக்கு 71 பங்குமே பொருந்துகின்றன. பழைய வழி இடையிடையே, உணவு மிகுந்து விழும்போது திடீரெனப் பெருகுவது. அனமாக்ஸ் மெதுவாக, இடைவிடாது நிகழ்வது. ஆண்டின் சில நாட்களில் சில நீர் மாதிரிகளை எடுத்து ஆராய்பவர் கண்ணில் இரண்டில் எது படும் என்பது பெரிதும் காலத்தைப் பொறுத்தது. நமது விசாரணைக்கு இவ்வழக்கிலிருந்து கொள்ள வேண்டியது, இரு வழிகளுக்கும் நைட்ரைட்டே வாயில் என்பதுதான். நைட்ரைட் இல்லையேல் எவ்வழியும் திறவாது.

4. வங்கக் கடலைப் பற்றிய விளக்கங்கள்

வங்கக் கடலின் பிராணவாயு வற்றிய படலத்தில் அரபிக் கடலில் உள்ளது போன்ற நைட்ரைட் திரட்சி இல்லை. இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதலாவது, ஆற்று நீரைப் பற்றியது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா முதலிய நதிகளும், கடல்மீதே பெய்யும் பெருமழையும் சேர்ந்து வங்கக் கடலின் மேற்பரப்பில் உப்புக் குறைந்த, இலேசான நீர்ப் போர்வை ஒன்றை விரித்துவைக்கின்றன. காற்று வலிதாக வீசினாலும் அப்போர்வையைக் கிழித்துக் கீழுள்ள உரமிக்க நீரை மேலே கொணர்வது எளிதன்று. ஆகவே விளைச்சல் குறைவு. விளைச்சல் குறையவே, ஆழத்தில் பிராணவாயுவுக்குத் தேவையும் குறைவு.

இரண்டாவது காரணம், அந்நதிகள் கொணரும் வண்டலைப் பற்றியது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலை இறக்குகின்றன. 1980-களின் பிற்பகுதியில் இத்தெக்கோட் முதலிய ஜெர்மானிய, இந்திய ஆராய்ச்சியாளர் வங்கக் கடலின் ஆழத்தில் பொறிகளை நிறுத்தி, விழும் துகள்களைச் சேகரித்தபோது, மேற்பரப்பின் விளைச்சலை நோக்க எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே சேந்திரியப் பொருள் ஆழ்கடலை அடைவதைக் கண்டனர். களிமண் துகள்களின் பாரம் அதனை விரைவாகக் கீழே இழுத்துச் செல்வதால், இடைப்படலத்தில் சிதைவதற்கு அவகாசம் இல்லை என்பது இதிலிருந்து பெறப்பட்ட விளக்கம். இதை நான் மறுக்கவில்லை. ஆயினும் முழு விளக்கமாக ஏற்கவும் இயலவில்லை. வண்டலின் பாரம் நதிமுகங்களை ஒட்டிய வடபகுதியில் மிகுந்து, தெற்கே செல்லச் செல்லக் குறைகிறது; நைட்ரைட் இன்மையோ இருபகுதிக்கும் பொதுவானது. பாரம் மட்டுமே காரணமாயின் தெற்கே இழப்புத் தலைகாட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது விளக்கம் அண்மையது. என் கருத்தில் இவ்விஷயத்தின் மர்மஸ்தானத்தைத் தொடுவதும் அதுவே. 1888-இல் விங்க்ளர் வகுத்த இரசாயன முறையால், ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோமோல் அளவு வரையிலான பிராணவாயுவை ஏறக்குறையக் காணலாம். அதற்குக் கீழ்ப்பட்டதை நம்பத்தகுந்தபடி அளக்க இயலாது. மேற்பரப்பு நீரில் சுமார் 200 மைக்ரோமோல் இருப்பதை எண்ணினால் இந்தக் கடைசி மைக்ரோமோல் பொருட்படுத்தத்தக்கதன்று என்றே தோன்றும். அதனால்தான் பிராணவாயுவைப் பொறுத்தவரை இரு கடல்களின் படலங்களும் நெடுங்காலமாக ஒரே தன்மையுடையனவாகக் கருதப்பட்டுவந்தன. டென்மார்க்கின் ரெவ்ஸ்பெக் அமைத்த 'ஸ்டாக்ஸ்' என்னும் நுண்ணுணர்வுக் கருவி, மைக்ரோமோலின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய நானோமோலைச் சில எண்ணிக்கையிலேயே உணர வல்லது. 2014-இன் தொடக்கத்தில், லாரா பிரிஸ்டோ, டொனால்ட் கேன்ஃபீல்ட், நக்வி முதலிய டேனிய, இந்திய, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இந்திய ஆராய்ச்சிக் கப்பலொன்றில் இக்கருவியை வங்கக் கடலுக்குக் கொண்டுசென்றனர். அவர்கள் 2017-இல் வெளியிட்ட முடிபு இது: படலத்தின் மேற்பகுதியில் லிட்டருக்குச் சுமார் 10 முதல் 200 நானோமோல் வரை பிராணவாயு எஞ்சியிருக்கிறது, நைட்ரேட்டைச் சிதைக்கவல்ல பாக்டீரியாக்களும் அனமாக்ஸ் பாக்டீரியாக்களும் அங்கே வாழ்கின்றன, ஆனால் நைட்ரஜன் வாயு விளைவது மிகச் சொற்பம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது நியாயம். எஞ்சிய பிராணவாயுவே பாக்டீரியாக்களை நேராக ஒடுக்கிவிடுகிறது என்று கொள்ளலாகாதா? அவ்வாறு கொள்வதற்குச் சிலி நாட்டுக் கடலில் செய்த சோதனைகள் இடையூறாக உள்ளன. 2014-இல் டால்ஸ்கார்ட் முதலியோர் கண்டபடி, பழைய வழியால் நைட்ரஜன் வாயு விளையும் வேகம் பாதியாகக் குறைவது சுமார் 200 நானோமோலில்; அனமாக்ஸ் பாதியாகக் குறைவது ஏறக்குறைய 900 நானோமோலில். வங்கக் கடலில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இவ்விரண்டு அளவுகளுக்கும் கீழே. ஆகவே நேரான ஒடுக்குதல் இழப்பைத் தளர்த்தலாமேயன்றி அறவே நிறுத்திவிடாது. உண்மையான காரணம் நைட்ரைட்டைப் பற்றிய போட்டியில் உள்ளது. நைட்ரைட்டைப் பிராணவாயுவோடு சேர்த்து மீண்டும் நைட்ரேட்டாக்கி வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. சில நானோமோல் பிராணவாயு இருந்தாலும் அவை செயல்படவல்லவை. நைட்ரேட்டிலிருந்து தோன்றும் நைட்ரைட்டை, அது குவிந்து வாயுவாவதற்கு முன்பே, இவை பற்றி நைட்ரேட்டாகத் திருப்பிவிடுகின்றன. எஞ்சிய பிராணவாயு பகைவரைக் கொல்லும் நஞ்சாக நின்று கடலின் உரத்தைக் காக்கவில்லை. மீட்பவருக்கு உணவாக நின்று காக்கிறது.

இவ்வாறு நோக்கினால் மூன்று விளக்கங்களும் ஒன்றோடொன்று முரண்படாமல் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக அமைகின்றன. நதிநீர்ப் போர்வை விளைச்சலைக் குறைக்கிறது. வண்டல், வடக்கிலேனும், எச்சத்தை விரைந்து இறக்குகிறது. இவ்விரண்டாலும் இடைப்படலத்தில் பிராணவாயுவின் தேவை மட்டுப்பட, கடைசித் துளி தீராமல் நிற்கிறது. அத்துளியால் நைட்ரைட் மீட்கப்படுகிறது. முதற்காரணம் நதிகளே என்று துணியலாம்.

5. விளிம்பு என்னும் கூற்றைப் பற்றி

வங்கக் கடல் ஒரு விளிம்பில் நிற்கிறதென்றும், இன்னும் சிறிது பிராணவாயு குறைந்தால் பெரும் இழப்புத் தொடங்குமென்றும் இப்போது பலர் எழுதுகின்றனர். 2017-இன் ஆய்வுக் கட்டுரையும் தன் கணித மாதிரியைக் கொண்டு, எஞ்சிய பிராணவாயு நீங்கினால் நைட்ரைட் குவிந்து இழப்பு நிகழும் என்று கூறுகிறது. உலகச் சமுத்திரம் 1960-க்குப் பின் தன் பிராணவாயுவில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கை இழந்துவிட்டது என்ற ஷ்மிட்கோ முதலியோரின் கணக்கை இதோடு சேர்த்து நோக்கும்போது கவலை கொள்வது இயல்பே. அரபிக் கடலின் பழங்காலப் படிவங்கள் காட்டும் மாறுதலும் அக்கவலைக்கு ஆதாரம் தருகிறது.

எனினும் நான்கு பக்கமும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். வெப்பம் பெருகி மழையும் மிகுந்தால் மேற்போர்வை இன்னும் உறுதிப்பட்டு, விளைச்சலும் பிராணவாயுத் தேவையும் குறையக்கூடும். அதே உறுதிப்பாடு மேலிருந்து பிராணவாயு கலப்பதையும் தடுக்கும். இவ்விரண்டில் எது வெல்லும் என்பதை வாதத்தால் முடிவுகட்ட இயலாது. மேலும், இழப்புத் தொடங்கிவிட்டால், மேலே ஏறும் நீரில் நைட்ரேட் குறைந்து, விளைச்சல் குன்றி, பிராணவாயுத் தேவையும் தணிவதால், அந்த இழப்பே தன்னை ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளவும் கூடும். வங்கக் கடலில் அடிக்கடி தோன்றும் பெருஞ்சுழல்கள் மேல்நீரின் பிராணவாயுவைக் கீழே செலுத்துவதும் கணக்கில் கொள்ளத்தக்கது. வயல்களிலிருந்து நதிகள் கொணரும் உரநைட்ரஜனைப் பற்றியும் நிதானம் வேண்டும்: அதன் பெரும்பகுதி கழிமுகத்திலும் கரையோரத்திலுமே உண்ணப்பட்டுவிடுமாகலின், நடுக்கடலைவிடக் கரைக்கடலுக்கே அதனால் ஆபத்து மிகுதி. இந்தியாவின் மேற்குக் கரையில் பருவமழைக்குப் பிற்பட்ட மாதங்களில் ஆழங்குறைந்த நீரும் பிராணவாயு வற்றிப்போவதையும், அங்கே நைட்ரஸ் ஆக்ஸைடு பெருமளவில் திரள்வதையும் நக்வி முதலியோர் 2000-இல் வெளியிட்டனர். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. கிழக்குக் கரைக்கும் அக்கதி நேராதிருக்க வேண்டுமாயின், நடுக்கடலின் விளிம்பைப் பற்றிய அச்சத்தோடு கழிமுகங்களின் அன்றாட நிலையையும் கவனித்தாக வேண்டும்.

ஆகவே, வங்கக் கடல் விளிம்பில் நிற்கிறது என்பதை நான் ஏற்கிறேன். அது விழப்போகிறது என்பதை ஏற்பதற்கு இன்றுள்ள ஆதாரம் போதாது. போதாமைக்குக் காரணம், நானோமோல் அளவிலான அளவைகள் மிகச் சில கடற்பயணங்களிலிருந்தே கிடைத்திருப்பதுதான். தானே மிதந்து அளக்கும் கருவிகள் ஆண்டு முழுவதும் உழைத்தாலும், இவ்வளவு நுண்ணிய பிராணவாயுவை உணரும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இந்தியா, வங்காளதேசம், மியான்மர், இலங்கை ஆகிய கரைநாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றுகூடி, வங்கக் கடலில் சில இடங்களையேனும் நிலையாகக் குறித்துக்கொண்டு, பருவந்தோறும் அங்கே நைட்ரைட்டையும் எஞ்சிய பிராணவாயுவையும் அளந்து, கிடைத்த எண்களை அனைவரும் காண வெளியிட வேண்டும். அரபிக் கடலில் நைட்ரைட் கண்டறியப்பட்டதற்கும் அதன் பொருள் உணரப்பட்டதற்கும் இடையே கழிந்த அத்தனை பத்தாண்டுகளை வங்கக் கடலிலும் கழியவிடலாகாது.